வாய்க்கு ஒரு டொபி

என் அக்காள் பாலேஸ்வரியின் புருஷன் ஸ்ரீஸ்கந்தராசாவைப் போலொரு பயந்தாங்கொள்ளியை நான் வெள்ளவத்தையில் வேறு கண்டதில்லை. தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டுகள் வெடித்தபின் தமிழர் எல்லோருக்கும், தமிழரென்று தெரிந்தால் சந்தேகத்தில் பிடித்துப்போவார்களோ என்று பயம்தான். ஆனால் அத்தானின் பயம் தனி ரகம். பஸ்ஸில் ஏறினால், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத சிங்களப் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து வயது மகள் வினோதினி பஸ்ஸில் தமிழில் ஏதும் கதைத்துவிடுவாள் என்று, ஏறும்முன்னே அவள் வாயில் ஒரு டொபி மிட்டாயைத் திணிப்பார். அது கரைந்தால் இன்னொன்று. நேர்சரிக்குப் போகவும் வரவும், கோயிலுக்குப் போகவும் வரவும் இதே கதைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கோ வாயை அடைத்த பிள்ளைதான் பிழைக்கும்.

பிள்ளையின் முன்பற்கள் முதலில் மண்ணிறமாகி, பிறகு கறுத்து, அரைவாசி கரைந்துபோயின. "பால் பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்றார் இந்த மேதை. மேலுதடு வீங்கி, சோறு வேண்டாமென்று பிள்ளை அழுத பிறகுதான் கொட்டாஞ்சேனையில் பல் டொக்டர் சவுந்தரநாயகத்திடம் கூட்டிப்போக மனம் வந்தது. அக்காவுக்கு வேலை. நான் கூடப் போனேன்.

டொக்டர் பார்த்துவிட்டு, "ஆர் பிள்ளைக்கு இவ்வளவு இனிப்புக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"மச்சாள்தான் டொக்டர். செல்லம் கூடிப்போச்சு" என்று கூசாமல் என்னைக் காட்டினார் அத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாதேங்கோ அத்தான்! பஸ்ஸிலை பிள்ளை தமிழ் கதைச்சிடுமெண்டு நீங்கள்தானே டொபி குடுக்கிறனீங்கள்!"

டொக்டர் அத்தானைப் பார்த்தார். "ஒரேயடியாத் திண்டிட்டு வாயைக் கொப்புளிச்சாலும் பரவாயில்லை. நெடுக வாயிலை சீனி ஊறிக்கொண்டு கிடந்தா எந்தப் பல்லுத் தாங்கும்? கிருமிக்கு அதுதான் சாப்பாடு. அதைத் திண்டு அது விடுற அமிலம் பல்லைக் கரைச்சுப்போடும். இந்த நாலையும் புடுங்கத்தான் வேணும். விட்டா, உள்ளுக்கை வளருற பல்லையும் பழுதாக்கிப்போடும்."

பிடுங்கினார். பிள்ளை போட்ட சத்தத்தில் அத்தான் வாசலுக்குப் போய்விட்டார். டொக்டர் பஞ்சை வைத்து, "இறுக்கிக் கடிச்சுக்கொண்டு இரம்மா, கொஞ்ச நேரம் கதைக்கக்கூடாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான் என் காதருகே குனிந்தார். "இண்டைக்கு டொபி தேவையில்லை. வாய் திறக்கமாட்டாள்" என்றார் மெல்ல. முகத்தில் அப்படியொரு நிம்மதி. பல்லைப் பறிகொடுத்த பிள்ளை என் மடியில் கிடக்க, தகப்பனுக்கு நிம்மதி! துப்பியிருந்தால் என் எச்சில்தான் வீண்.

பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்றே நான் உரத்துக் கேட்டேன்: "வினோ, நோகுதோ செல்லம்?"

முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் எங்களைத் தெரியாதவர் மாதிரி யன்னலுக்கு வெளியே பார்த்தார். வினோதினி தலையைக்கூட ஆட்டவில்லை. எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த கொண்டக்டரைப் பயத்தோடு பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.