பளபளத்த அச்சு

கொழுந்தன் வேனில் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து இறக்கும் இரும்பு அச்சுகள் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தன. அலுமினியத்தைப் பிதுக்கிச் சட்டமாக்கும் பிரஸ்ஸில் மாட்டியதும் வேலையைக் காட்டின. சூடான அலுமினியம் அச்சின் துளையில் ஒட்டி ஒட்டி உராய்ந்தது. வெளியே வந்த ஜன்னல் சட்டம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். பிரஸ் ஓட்டுகிற அவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

அலுமினியம் வழுக்கிக்கொண்டு போகத்தான் அச்சுக்குக் கடினமான பூச்சு ஏற்றுவது. பூச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது கொழுந்தன் வேலை. அந்த வேலையை அவனுக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே அவள்தான். கூலியை அமுக்கிக்கொண்டு, பூச்சே ஏற்றாமல் துடைத்துக் கொண்டுவருகிறானோ? எவனோடு கூட்டு? சந்தேகம் வந்த பிறகு அவன் சிரித்தாலும் தப்பாகப் பட்டது, சும்மா இருந்தாலும் தப்பாகப் பட்டது.

ஒருநாள் யாரும் பார்க்காதபோது அச்சின் வெளிப்பக்கத்தில் அரத்தை வைத்துத் தேய்த்தாள். கடிக்காமல் வழுக்கியது. பூச்சு இருக்கிறது! துளைக்குள் விட்டுத் தேய்த்தாள். நறுக்கென்று கடித்தது. உராய்கிற இடத்தில் மட்டும் பூச்சு இல்லையென்றால், யாரோ வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை வேன் வந்து நின்றும் ஆள் இறங்கவில்லை. சத்தம் காட்டாமல் போய்ப் பின்கதவைத் திறந்தாள். கொழுந்தன் மடியில் அச்சை வைத்துக்கொண்டு, துளைக்குள் உப்புத்தாளை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“யார் சொல்லி இதைச் செய்யறே?”

அவன் முகம் வெளிறிவிட்டது. “யாரும் சொல்லலை அண்ணி. பட்டறையிலேர்ந்து வர்றப்ப அழுக்கு மாதிரி மங்கலா இருக்கு. முதல் தடவை கொண்டாந்தப்போ அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தீங்க. நான் ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு நினைச்சுட்டீங்களோன்னு பயந்துட்டேன். வெளியே துணியாலயே பளபளப்பு வந்துடுது. உள்ளே வரலை, அதான்...”

அப்படிப் பார்த்ததே அவளுக்கு நினைவில்லை.

“அட மடையா! அந்த மங்கல்தான்டா பூச்சு!”

அச்சைத் திருப்பி அனுப்பி, மறுபடி பூச்சேற்றி, மங்கலாகவே மாட்டினாள். சட்டம் கீறலில்லாமல் வழுவழுவென்று வந்தது.

வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொழுந்தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உன் தம்பியைத் திருடன் என்று நினைத்தேன் என்று கணவனிடம் எந்த வாயால் சொல்வது? அவள் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள்.

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “என்ன, எங்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா?”

“ஒண்ணுமில்லைங்க. வேலைக் களைப்பு.”

அவன் நம்பின மாதிரி தெரியவில்லை.