பின்வழியாக வந்த மாப்பிள்ளை

தையற்காரிக்கு அண்ணன் என்றால் உயிர். கணவன் இறந்த பிறகு வீடு பிடித்துக் கொடுத்து, வாசல் அறையில் தையல் கடையும் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். பக்கத்துச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் ஓட்டல் சாப்பாட்டோடு வருவார். நீ சமைத்துச் சிரமப்படாதே என்பார். நடுவில் போன் வந்தால் வாசலுக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுவார்.

“மாப்பிள்ளை கிளம்பிட்டாரா? பின்வழியா கூட்டிட்டுப் போங்க. மாமியார் கண்ணுல பட்டுடக் கூடாது.”

தன் மகளுக்குத்தான் அண்ணன் வரன் பார்க்கிறார் என்று அவள் நம்பினாள். மாமியார் கெடுபிடி போலிருக்கிறதே என்று கொஞ்சம் கவலையும் பட்டாள். கூடி வந்ததும் அவரே சொல்லட்டும் என்று வாய் திறக்கவில்லை. மகளின் கைகளில் தோல் உரிந்துகொண்டே இருந்ததுதான் உறுத்தல். அதற்கும் அண்ணன்தான் களிம்பு வாங்கி வந்தார்.

ஒரு நாள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த லாரி ஓட்டுநர், ஓரம் அரித்துப்போன கால்சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தார். நின்றபடியே போனில், “மாப்பிள்ளைய இறக்கியாச்சு. ஆளு இன்னைக்கு நல்ல கறுப்பு” என்றார். எந்த ஊர் மாப்பிள்ளை என்று அவள் கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேங்கரில் ஏற்றிய சாயக்கழிவுதான் மாப்பிள்ளையாம். சோதனைக்கு வரும் அதிகாரி மாமியாராம். அவள் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது.

“எங்க இறக்குவீங்க?”

“உங்க தெருவுக்குப் பின்னாடி பாழுங்கிணறு இருக்குல்ல, அங்கதான். சூப்பர்வைசர் காட்டின இடம்.”

அந்தக் கிணற்றை ஒட்டித்தான் அவள் வீட்டு ஆழ்துளைக் குழாய் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அவர் முன் வைத்தாள்.

“மாப்பிள்ளை கறுப்பாமே. குடிண்ணே.”

அவர் தொடவில்லை. முதலாளி சொன்னதைத்தான் செய்ததாகச் சொன்னார். சொந்தத் தங்கை குடியிருக்கும் தெரு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது என்று முதலாளி நினைத்தாராம்.

“அதுக்குத்தான் என்னை இங்க குடிவெச்சியா?”

உள்ளேயிருந்து வந்த மகள், “தெரிஞ்சேதான் களிம்பு வாங்கித் தந்தீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் தையற்காரி அந்த அதிகாரியிடம் போய், கல்யாணப் பேச்சுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பொருள் சொன்னாள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அண்ணனுக்கு வேலை போனது. தெருவில் பாதிப் பேர், இவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்றார்கள். நம்பிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. மகளோடு வேறு வீடு தேடிப் புறப்பட்டாள். போன இடத்திலெல்லாம், வாடகையைக் கேட்பதற்கு முன்பே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.