பதினான்காம் பக்கத்து இடது கை

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குள் கைப்பேசியில் 'இடது கை' என்ற சொல் நாற்பது தடவையாவது கண்ணில் பட்டுவிட்டது. யாரோ பேஸ்பால் வீரரைப் பற்றிய பேச்சு என்றுதான் சயோகோ முதலில் நினைத்தாள். பிறகு ஒருவர் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். மழை, பாலம், நனைந்த மேலங்கியோடு நிற்கும் ரென். அவளே வரைந்த பக்கம்தான். இயந்திரக் கை இடது பக்கம் இருந்தது.

ரெனின் இயந்திரக் கை வலது கை. 'மின்கடல்' படித்த எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு முன் பன்னிரண்டு தொகுதிகளாக வந்து, அசைபடமாகவும் ஓடி, பாதி ஜப்பானைக் கம்பியும் மின்சாரமுமாகக் கனவு காண வைத்த மங்கா படக்கதை அது. அதில் ரென் வருவது மொத்தம் இருபத்திரண்டு பக்கம். தபால் சுமக்கிறாள், ஒருமுறை சிரிக்கிறாள், எட்டாம் தொகுதியில் மழையில் செத்துப்போகிறாள். அவ்வளவுதான். அந்த இருபத்திரண்டு பக்கத்துக்கு முந்தைய ஒரு வருடத்தைத்தான் சயோகோ இப்போது வாரப் பத்திரிகையில் கிளைத்தொடராக வரைந்துகொண்டிருந்தாள். ரென் எப்படிச் சாப்பிட்டாள், யாரோடு சண்டை போட்டாள், எதற்குச் சிரித்தாள் என்றெல்லாம். சாவதற்கு முன் அவள் ஒரு முழு மனுஷியாக வாழ்ந்தாள் என்று காட்டிவிட வேண்டும். சயோகோவுக்கு இந்த ஜென்மத்தில் வேறு ஆசையே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஆசையைப் பார்த்துப் பத்திரிகை நடத்த முடியுமா? ஒவ்வொரு இதழிலும் ஓர் அஞ்சலட்டை இருக்கும். பிடித்த மூன்று தொடர்களை வாசகர்கள் குறித்து அனுப்புவார்கள். அந்தக் கணக்கில் பின்வரிசையிலேயே கிடக்கும் தொடருக்குப் பத்தாவது அத்தியாயத்தோடு கதவு சாத்தப்படும். பத்தொன்பது தொடர்களில் சயோகோவுடையது போன வாரம் பதினேழாவது. இப்போது வந்திருப்பது ஆறாம் அத்தியாயம்.

"கழுவி ஊத்துறாங்களா, தூக்கி வச்சு ஆடுறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் ஷியோமி. பின்னணிக் கட்டடங்களையும் கம்பிகளையும் அவளுக்கு வரைந்து தரும் உதவியாளர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவாள். நான்கு ஓவியர்களிடம் வேலை பார்த்து, நான்கு தொடர்களும் நின்றதைப் பார்த்தவர்.

"ரெண்டும் இல்ல, ஷியோமி சான். ஆராய்ச்சி பண்றாங்க."

"அது இன்னும் மோசமாச்சே," என்றபடி படத்தை எட்டிப் பார்த்தவர் அந்தக் கையை விரலால் தொட்டார். "புரட்டினதைத் திருப்பிப் புரட்டலையா?" என்றார்.

அதேதான். வரைந்த முகம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்: படத்தைக் கணினியில் இடம் வலமாகப் புரட்டினால் கண்ணுக்குப் பழகிப்போன குறையெல்லாம் பளிச்சென்று தெரியும். சயோகோ புரட்டினாள், தாடையைத் திருத்தினாள். வாசல் மணி அடித்தது. பார்சலை வாங்கி வைத்துவிட்டு வந்து அப்படியே சேமித்து அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு வசனம் இருந்திருந்தால்கூட எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்து மாட்டியிருக்கும். சொல்லே இல்லாத முழுப்பக்கப் படம். அவள் கர்வப்பட்ட பக்கமும் அதுதான்.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? கையைப் பார்த்தார்கள், அங்கியின் பொத்தான் எதிர்ப்பக்கம் போட்டிருப்பதைப் பார்த்தார்கள், நெற்றித் தழும்பு இடம் மாறியிருப்பதைப் பார்த்தார்கள். மதியத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். பாலத்தில் நிற்பது ரென் இல்லை, ரெனின் நகல். அப்படியானால் எட்டாம் தொகுதியில், கை இரண்டும் அங்கிக்குள் மறைந்திருக்க, செத்தது யார்? நகல்தான்! உண்மையான ரென் உயிரோடு இருக்கிறாள்! இருபது வருடத் துக்கத்துக்கு விடிவு வந்துவிட்டதாம். அழுதேன் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை முதல் கணக்கு வந்ததும் பத்திரிகை ஆசிரியர் சுகுதா தொலைபேசியில் கூப்பிட்டார். ஓவியர்களை 'சென்செய்' என்று, ஆசானே என்ற பொருளில்தான் அவர் அழைப்பார்.

"சென்செய், உட்கார்ந்திருக்கீங்களா? நாலு! நாலாவது இடம்! இப்படி ஒரு கண்ணியை வச்சுட்டு என்கிட்டகூட மூச்சு விடலையே. பலே ஆளு நீங்க!"

இங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பதினேழு என்ற எண் அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

"அது... வெளியே கசிஞ்சுடுமோன்னு..." என்றாள்.

போனை வைத்ததும் ஷியோமி பேனாவைக் கீழே வைத்தார். "அடேங்கப்பா. படத்தைவிடப் பொய் நல்லா வருது உங்களுக்கு."

"சும்மா இருங்க, ஷியோமி சான்."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தப் பொண்ணைத்தான் என்ன பண்ணப் போறீங்கன்னு தெரியல." ரெனைத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் பத்திரிகை அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த காப்பிக் கடையில் சுகுதா காத்திருந்தார். வழக்கம்போல் தடித்த வாட்டிய ரொட்டித் துண்டில் வெண்ணெயை மூலை விடாமல் தடவிக்கொண்டிருந்தார். மூலக்கதையின் ஆசிரியரே பார்த்துவிட்டாராம். இது எனக்குத் தோணாமப் போச்சே, தாராளமாச் செய்யச் சொல்லு என்று சொல்லியனுப்பினாராம்.

"அவரே சரின்னுட்டார், சென்செய். ஒன்பதாவது அத்தியாயத்துல நகலும் அசலும் நேருக்கு நேர். எப்படி?"

சயோகோ காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதில் சர்க்கரையே போடவில்லை. "அப்ப செத்தது பொம்மைன்னு ஆயிடுமே," என்றாள்.

"ஆகட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

சுகுதா ஒரு கட்டு அட்டைகளையும் மேலே ஓர் உறையையும் அவள் பக்கம் தள்ளினார். உறை நீகாதா ஊரிலிருந்து வந்திருந்தது. ஹோனாமி என்ற பெண் எழுதியிருந்தாள். அரிசிப் பலகாரத் தொழிற்சாலையில் வேலை, ஏழு வருடமாக வலது கை செயற்கைக் கை.

'பதினான்காம் பக்கம் தவறுதலாகத் திரும்பிவிட்டது, இல்லையா? ரென் சூடான கோப்பையை இடது கையால்தான் எடுக்கிறாள், சூடு தெரியும் கை அதுதானே. பையைப் போடுவது வலது தோளில், அங்கே வலிக்காது. இவ்வளவு பார்த்து வரைகிறவர் கையை மாற்றி வரைய மாட்டார். நகல் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டால் எனக்கு என்னவோ போலிருக்கிறது. அவள் அவளாகவே இருக்கட்டும்.'

சயோகோ இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது. பிறகுதான் உறையின் வாய் நேர்த்தியாகக் கத்தரிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தாள். ஓவியர்களுக்கு வரும் கடிதங்களை ஆசிரியர்கள் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வன்மம் பிடித்த சிலர் உறைக்குள் பிளேடு வைத்து அனுப்புவார்கள்.

"படிச்சீங்களா?"

"படிக்காம எதுவும் உங்க கைக்கு வராது."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்?" சுகுதா வாயைத் துடைத்துக்கொண்டார். கோபமில்லை, கிண்டலுமில்லை. "வெளியே கசிஞ்சுடுமோன்னு பயந்ததா நீங்க சொன்னீங்க. அதுதான் எனக்குத் தெரியும். கடிதத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். மனசு வரல, கொண்டாந்தேன்."

அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் கொடுமை. தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு வரி இடம் உண்டு. பூனைக்கு உடம்பு சரியில்லை, மழை விட்டபாடில்லை, இந்த வாரம் குடித்த நூடுல்ஸ் சூப் அருமை என்று ஏதாவது எழுதுவார்கள். சயோகோ வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினாள்: 'ஆறாம் அத்தியாயம் பதினான்காம் பக்கத்தைப் புரட்டியபடியே விட்டுவிட்டேன். என் கவனக்குறைவு. அங்கே நிற்பதும் ரென்தான். மன்னியுங்கள்.'

"தொடர் போயிடும்," என்றார் ஷியோமி.

"போகட்டும். மிச்சமிருக்கிற அத்தியாயத்துல அவளை ஒழுங்கா அனுப்பி வச்சுடறேன்."

ஷியோமி எழுந்து போய் இரண்டு கோப்பையில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அவளுக்குத் தேநீர் போட்டதே இல்லை.

சுகுதா அந்த வரியைத் தடுக்கவில்லை. 'கிடைத்தது' என்று மட்டும் பதில் வந்தது. எட்டாம் அத்தியாயம் வந்த இதழில் அது ஓர் எழுத்துக்கூட மாறாமல் அச்சானது. அதற்கு இடையில் வந்த ஏழாம் அத்தியாயத்தில் ரெனின் கை முறைப்படி வலப்பக்கம் இருக்க, 'இது அசல்!' என்று ஒரு கூட்டம் பட்டியல் போட்டு முடித்திருந்தது. திங்கட்கிழமை காலை சயோகோ சோற்று உருண்டையின் உறையைக்கூடப் பிரிக்காமல் கைப்பேசியின் முன் உட்கார்ந்தாள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்று நெஞ்சைத் திடப்படுத்தி வைத்திருந்தாள்.

ஒருவரும் திட்டவில்லை.

'மன்னியுங்கள் என்கிறாரே, என்ன நடிப்பு!' 'நிற்பதும் ரென்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்த "உம்"-ஐக் கவனித்தீர்களா? இரண்டு ரென்!' 'தவறு என்று சொல்லி நம்மைத் திசைதிருப்பப் பார்க்கிறார். கில்லாடி.' பக்கம் பக்கமாக ஓடியது. சத்தியம் செய்தாலும் அதையும் கதையில் சேர்த்துக்கொள்வார்கள் போலிருந்தது.

புதன்கிழமை சுகுதா கூப்பிட்டார். குரலில் இந்த முறை குதூகலம் இல்லை.

"ரெண்டாவது இடம், சென்செய்."

"நான் உண்மையைத்தானே எழுதினேன்."

"ஆமா. நான் ஏன் அதைத் தொடாம விட்டேன்னு நினைக்கிறீங்க?" சற்று நிறுத்தினார். "இருபது வருஷமா அவ செத்திருக்கக்கூடாதுன்னு காத்துக்கிட்டிருந்தவங்க. நீங்க ஒரு வரி எழுதி அதை நிறுத்த முடியுமா? பத்தோட முடியாது, முப்பது அத்தியாயம் வரைக்கும் போகச் சொல்லிட்டாங்க. வாழ்த்துகள்."



இனி என்ன வரைந்தாலும் அதேதான். இயந்திரக் கையை வலப்பக்கம் வரைந்தால் அசல் என்பார்கள், இடப்பக்கம் வரைந்தால் நகல் என்பார்கள். ரென் சிரிப்பதையோ கோபப்படுவதையோ ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஒருத்தி பார்ப்பாள் என்று சயோகோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நீகாதாவில் ஒருத்தி இருக்கிறாள். முப்பது அத்தியாயத்தையும் அவளுக்காகவே வரைந்துவிட்டால் போயிற்று. அந்த நினைப்பில்தான் அடுத்த ஒன்பது நாளும் பேனா ஓடியது.

பத்தாம் நாள் ஹோனாமியின் அட்டை வந்தது. இந்தத் தடவை உறை இல்லை, மூன்று தொடர்களைக் குறிக்கும் அந்தப் பத்திரிகை அட்டையேதான். முதல் இடத்தில் சயோகோவின் தொடரைக் குறித்திருந்தாள். கீழே கருத்துக்கான இரண்டு அங்குல இடத்தில், கோணலான இடது கை எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

'தவறு என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் நம்புகிறேன். ஆனால் தொழிற்சாலையில் எல்லோரும் இதையே பேசுகிறார்கள். என்ன செய்தும் என்னால் முன்போல் படிக்க முடியவில்லை. பக்கத்தைத் திருப்பியதும் முதலில் அவள் கையைத்தான் பார்க்கிறேன், முகத்தை அப்புறம்தான். இத்தனை வருடமாக என்னை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். நானும் அவளை அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.'