சூடு ஆறிய பின்

வாப்பாவுக்குப் போர்த்தவிருந்த கஃபன் துணியின்மேல் ஃபஸீலா கற்பூரத்தை நுணுக்கித் தூவிக்கொண்டிருந்தாள். மார்சிலிங் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில் ஆண்கள் வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கூடம் வரை கேட்டது. தம்பி அர்ஃபானும் உள்ளேதான் இருந்தான். உம்மா நூருன்னிசா ஃபஸீலாவின் அருகே அமர்ந்திருந்தார்.

"கீழே ரத்னவேல் அண்ணன் வந்திருக்காரு உம்மா. தூக்குறதுக்கு முன்னாடி தம்பி எல்லார்கிட்டயும் பொருத்தம் கேப்பான்ல? அவர்கிட்ட மட்டும் நான் தனியாப் போய்க் கேக்குறேன்."

இறந்தவரின் பிழைகளை மன்னிக்கும்படி வாரிசு கூட்டத்தாரிடம் கேட்பது வழக்கம். ரத்னவேலிடம் கேட்கக் காரணம் இருந்தது.

வாப்பா ஜமால் முகம்மது ரயில் பணிமனையில் சக்கரங்களைச் சோதித்தவர். பராமரிப்பு வண்டியின் பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடாமற்போனால் விளிம்பு கொதித்துவிடும். அதைக் காட்டிக்கொடுக்கவே சக்கரத்தில் வெள்ளைக் கோடுகள் பூசியிருப்பார்கள். கோடு கருகியிருந்தால் அந்தச் சக்கரம் ஓடக்கூடாது.

"சூடா இருக்கையில வெடிக்காதும்மா" என்பார், சோற்றைப் பிசைந்தபடி. "ஆறும்போதுதான் விளிம்பு சுருங்கித் தன்னையே இழுக்கும். சின்னக் கீறல் போதும், பிளந்துடும். அதுக்குத்தான் நடுத்தட்டை நெளிச்சுச் செய்றாங்க. விட்டுக்கொடுக்கணும்ல? அதுக்கும் ஓர் அளவு இருக்கு லா."

அவர் சோதித்து அனுப்பிய சக்கரமொன்று பிளந்து, உடன் வேலைபார்த்த ரத்னவேலின் கால் போயிற்று. கருகலைக் கவனிக்கவில்லையென்று வாப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். "கோடு வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஃபஸீலாவே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். கண்ணில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், வாப்பா தம் கையை முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

நூருன்னிசா மகளின் மணிக்கட்டைப் பற்றினார்.

"நீ போய்க் கேக்காதே. அது வாப்பா செஞ்ச தப்பு இல்லடி."

"பின்னே?"

உம்மாவின் குரல் தண்ணீர்ச் சத்தத்துக்குள் தாழ்ந்தது. "முந்தின ஷிஃப்ட்ல அந்த வண்டிய ஓட்டினது உன் தம்பிதான். பிரேக் இறுகியிருந்ததைக் கவனிக்காம ஓட்டிட்டான். கோடு கருகிப் போச்சு. விசாரணை வரும்னு பயந்து மேல பெயிண்ட் அடிச்சுட்டான்."

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தோம்ல. பொண்ணு வீட்டுல என்ன சொல்வாங்க?"

"தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கிட்டுப் போய்ட்டாரு உம்மா."

"மெதுவாப் பேசு."

புளோக்கின் கீழ்த்தளத்தில், உடலைச் சுமந்த சந்தூக்கை இறக்கிவைத்தார்கள். அர்ஃபான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தான்.

"எங்க வாப்பா யாருக்காச்சும் தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்குங்க."

எல்லாரும் ரத்னவேலைப் பார்த்தார்கள். அவர் செயற்கைக் காலை ஊன்றி, ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார்.

"பாய் மேல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. வயசான கண்ணு, என்ன செய்யும்?"

"நன்றிண்ணே" என்றான் அர்ஃபான்.

அந்த நன்றியைத்தான் ஃபஸீலாவால் பொறுக்க முடியவில்லை. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முன்னே வந்தாள்.

"எதுக்குடா நன்றி? வாப்பா கண்ணுல ஒரு குறையும் இல்ல. கருகின கோட்டு மேல பெயிண்ட் அடிச்சது யாருன்னு அண்ணன்கிட்ட சொல்லு. சொல்லிட்டுத் தூக்கு."

"லாத்தா, இப்ப வேணாம்…"

"இப்ப இல்லாம எப்ப?"

உம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். மின்தூக்கியின் கதவு திறந்தது. ஒருவரும் இறங்காமலே மூடிக்கொண்டது.

ரத்னவேல் அர்ஃபானை நெடுநேரம் பார்த்தார். பிறகு, சந்தூக்கின் முன்பக்கம் மகன் தோள் கொடுக்கவேண்டிய இடத்துக்கு வந்து, ஊன்றுகோலை அவன் கையில் திணித்தார்.

"பிடி."

கைப்பிடியைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். அடக்கத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வரை இருந்த தொலைவை மற்றவர்கள் அவருடைய நடைக்கேற்ப மெல்ல மெல்லக் கடந்தார்கள்.

தூணருகே அர்ஃபான் நின்றான். அவன் கையிலிருந்த ஊன்றுகோலின் ரப்பர் முனை தரையில் படவில்லை.