அண்ணன் பெயருக்கு ஓர் ஆமை

...அதைத் தூக்கி அண்ணன் மூக்குக்கு நேரே பிடித்திருக்க வேண்டாம், யார் கேட்டார்கள், கலர் திரைக் கைபேசியாம், நாலாயிரம் வண்ணமாம், தானா ராத்தா டவுன் கடைக்காரன் சொன்னான், இவனும் பல்லிளித்து வாங்கி வந்தான், சரி, வாங்கியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிகிறதா, கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தனை பேர் முன்னால் "அண்ணே, உங்க போன்லேர்ந்து எனக்கு அடிங்க, எப்படி ஜொலிக்குதுன்னு பாருங்க" என்று தானே சொல்லி, தானே நீட்டி... மகேன் லாரியின் கியரைக் குத்தி இறக்கினான். காளிமுத்து அண்ணனும் அங்கேயே தன் கறுப்பு வெள்ளைக் கைபேசியில் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தினார், மணி அடித்தது, திரை பளிச்சென்றது, அண்ணன் பெயர் வந்தது, பெயருக்கு மேலே பச்சைப் பசேலென்று ஓர் ஆமை, தலையை நீட்டுவதும் உள்ளே இழுப்பதுமாக. கொழுந்து பறிக்கிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வேலாயி அக்கா மட்டும் சிரிக்காமல், "என்னப்பா மகேன், வீட்டுக்கு வரப்போற மனுசனுக்குப் போயி ஆமைய வச்சிருக்க" என்றாள். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்தக் குடும்பம் விளங்காது என்று பயப்படுகிற ஜனம், அதில் அண்ணன் முதல் ஆள்.

அவன் நினைத்தது அதுவா? மெதுவாக இருக்கிறாரே என்றுதான் வைத்தான், கைபேசியோடு வந்த படங்களில் யானை இருந்தது, வாத்து இருந்தது, இரண்டு மாதமாக ஒரு பதில் சொல்லாத மனிதருக்கு வேறு எதை வைப்பது, வாத்தையா? மாதக் கடைசியோடு அண்ணனின் கங்காணி வேலை முடிகிறது, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் துரையிடம் ஒப்படைக்க வேண்டும், அண்ணி போனபின் தனிக்கட்டை, மகன் கிள்ளானில், ரிங்லெட் ஊரில் இவன் வீட்டுப் பின்னறை காலியாகக் கிடக்கிறது... காலியாகவா? சுண்ணாம்பு உரித்து, பச்சைச் சாயம் அடித்து, கட்டில் போட்டு, மனைவி குமுதா இரண்டு கம்பளி மடித்து வைத்து, சன்னலில் குளிர் வராமல் அட்டை ஒட்டி, இத்தனையும் யாருக்கு, சுற்றுலாப் பயணிக்கா? கேட்டால் "பாப்போம்". போன வாரம் கேட்டால் "பாப்போம்லா". எதைப் பார்ப்பது? இந்த மலையில் பார்க்க என்ன இருக்கிறது, தேயிலை, அதற்கப்புறமும் தேயிலை. இதோ, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார், பின்னால் கொழுந்து மூட்டைகள், முன்னால் மூடுபனி, நடுவில் வாயைத் திறக்காத ஒரு மனிதர். திட்டியாவது தொலைக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொன்னால் இவன் ஐந்து சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவான், அது இவனுக்கு வரும், எழவு வீட்டிலேயே சிரிக்கவைத்தவன்... அண்ணி எழவில் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது.

வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. மகேன் இன்ஜினை அணைத்தான். கைபேசியை எடுத்து அந்தப் பாழாய்ப்போன ஆமையைத் தேடிப் பிடித்தான். நீக்கவா என்று திரை மலாயில் கேட்டது, இந்தப் பக்கம் 'யா', அந்தப் பக்கம் 'தீடாக்'. பார், இருநூறு கிராம்கூட இல்லாத சாமான், எவ்வளவு நேராகக் கேட்கிறது, ஆமா, இல்லை, இரண்டே பொத்தான். இந்த அண்ணனுக்கு அந்த இரண்டில் ஒன்றையாவது வைத்துப் படைத்திருக்கக் கூடாதா? எத்தனை தடவை கேட்டான். "பின்னறைக்கு ஒரு காவல்காரன் வேணும்ணே, சம்பளம் இல்ல, சோறு உண்டு" என்றான். "உங்க ரேடியோவ மட்டும் அனுப்புங்க, அது துணைக்கு வேணும்னா நீங்களும் வாங்க" என்றான். சந்தையில், கோயிலில், இதே லாரியில்...

"அண்ணே, நீங்க வர்றீங்களா இல்லையா? நேரா சொல்லுங்க. வந்து எங்க கூட இருங்கண்ணே." குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

காளிமுத்து திரும்பினார்.

"வரலடா."

"அந்த ஆமைக்காகவா?"

"ஆமைக்கு என்னடா, அது பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழம கிள்ளான்லேர்ந்து ஷர்வின் போன் அடிச்சான். அப்பா, ரூம் சின்னதுதான், எங்கிட்ட வந்துருங்கப்பான்னான். பெத்த மகன் கூப்பிடுறான், சரின்னுட்டேன். நீ ரெண்டு மாசமா காவல்காரனத்தான தேடிக்கிட்டு இருந்த. வெளையாட்டுப் பேச்ச நம்பி நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வர முடியுமா? வாங்கண்ணேன்னு ஒரு வார்த்த, இப்பத்தான் சொல்ற."

பஸ் நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து முட்டைக்கோஸ் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மகேனுக்கு ஒரு நகைச்சுவை வந்தது, நல்ல நகைச்சுவைதான், நாக்கு நுனிவரை வந்தது... கையில் கைபேசி இன்னும் நீக்கவா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.