படலத்தின் மறுபக்கம்

ஆய்வகத்தில் யோகேஸ்வரி கண்ணாடிச் சில்லை இடுக்கியால் திருப்பியபோது கைப்பேசி அதிர்ந்தது. சில்லைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"அப்பா ஒன்னத்தான் கேக்குறாரு. டாக்டர் கஷ்டம்னுட்டாரு. கெளம்பு லா," என்றான் அண்ணன் குணாளன், சுங்கைப் பட்டாணி மருத்துவமனையிலிருந்து.

"இருபது நிமிஷம்ண்ணே. இது முடிஞ்சதும் பினாங்குலேருந்து கெளம்பிர்றேன்."

சில்லின் மேல் நிக்கலும் டைட்டானியமும் பூசிய மெல்லிய படலம். லேசர் பட்டதும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை உந்தமும் அதற்குள் பாய்ந்து, டெராஹெர்ட்ஸ் அலையாக வெளியே வரும். படலத்தைத் திருப்பி வைத்தால் அலையும் தலைகீழாக வேண்டும். ஆகாவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான்.

இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், அலை அப்படியே இருந்தது. பிறகுதான் சில்லின் ஓரத்தில் மேல்பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்த பேனாப் புள்ளியைக் கவனித்தாள். திருப்பியதை மறந்து, பேசி முடித்த அவசரத்தில் இன்னொரு முறை திருப்பித் தொலைத்திருக்கிறாள். சீ, மடச்சி!

அப்போதாவது கிளம்பியிருக்கலாம். மகராசி, சில்லைச் சரியாக வைத்து, கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டு, இன்னொரு இருபது நிமிடம் உட்கார்ந்தாள். அலை தலைகீழானது. ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். தவறிய அழைப்புகள் ஒன்பது இருந்தன.

மறுநாள் காலை, சொந்த ஊரான சிடாம் கிரியில், வீட்டுக்குள் அப்பா சின்னையா சவப்பெட்டியில் கிடந்தார். குணாளன் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒன் சில்லுக்குள்ள பாயுற அந்தக் கரண்டு எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒரு செகண்ட லட்சம் கோடியா பிரிச்சா, அதுல ஒண்ணு ரெண்டு."

"அதப் பாக்கத்தான் ஒக்காந்திருந்தியா?"

அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"அப்பா கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ பினாங்குப் பாலத்துல வர்றான்னேன். சுங்கை டூவா தாண்டிட்டான்னேன். பெர்த்தாம் தாண்டிட்டா, டோல் தாண்டிட்டா... அதுக்கு மேல சொல்ல ஊரு இல்ல. கீழ பார்க்கிங் தேடுறான்னேன்."

"நம்புனாராண்ணே?"

"முப்பது வருஷம் அந்த ரோட்டுல லோரி ஓட்டுனவரு. பெர்த்தாம்லேருந்து எவ்வளவு நேரம்னு அவருக்குத் தெரியாதா? சரி சரின்னு என் கையத் தட்டிக்கொடுத்தாரு."

வாசலில் யாரோ கத்தினார்கள். "இந்த வெள்ள மைவி காரு யாருது? சவ வண்டி உள்ள வரணும், எடுங்க லா!"

யோகேஸ்வரி சாவியைத் தேடிக்கொண்டு எழுந்தாள்.