படம் கேட்டு வந்த மாமி

...ஒரு படத்தைத்தானே கேட்கிறா, வேறு எதைக் கேட்டா, சுவரிலிருந்து கழற்றிக் கொடுக்க இவ்வளவு யோசனையா, என்று தன்னையே கேட்டுக்கொண்டு கஜனி கேத்தலை அடுப்பில் வைத்தாள், வைத்து நெருப்பையும் மூட்டிய பிறகுதான் அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. நல்ல காலம், மாமி பார்க்கவில்லை. மாமி ஹோலில் இருக்கிறா, கதிரையின் நுனியில், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. திருக்கோவிலிலிருந்து பாண்டிருப்புக்கு இரண்டு பஸ் ஏறி, இந்தக் கச்சான் காற்றில், வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்திருக்கிறா. கனகேஸ்வரி மாமியைப் பொல்லாதவ என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். பொல்லாதவவாக இருந்திருந்தால் எவ்வளவு லேசு, நாலு வார்த்தை கதைத்து அனுப்பியிருக்கலாம். "வாற ஆடி அமாவாசைக்கு அவன்ட தம்பியக் கொண்டு கடல்ல அவனுக்குச் செய்யிறதச் செய்விப்பம் புள்ள, மறுகா வீட்ட அமுது ஒண்டு குடுப்பம், வைக்கிறதுக்குப் படம் வேணும், மீச முளைச்ச பிறகு எடுத்த படம் ஒண்டும் எனக்கிட்ட இல்ல." கடனாகச் சீனி கேட்க வந்தவள் மாதிரி, அவ்வளவு கூச்சத்தோடு கேட்டா. பெற்றவளிடம் பிள்ளையின் படம் இல்லை. ஆனால் மாமி, அமுது செத்தவர்களுக்கல்லவா கொடுப்பது?

அவள் புருஷன் கோகுலன் செத்தான் என்று யார் கண்டது? ஐப்பசியில் முபீன் முதலாளியின் போட்டில் ஆழ்கடல் மீனுக்குப் போனான், மூன்று பேர் போனார்கள், மூன்றாம் நாள் வயர்லெஸ்ஸில் காற்று பலம் என்று சொன்னது கேட்டதாம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு பலகை ஒதுங்கவில்லை, ஒரு எண்ணெய்க் கான் ஒதுங்கவில்லை. அந்தமான் பக்கம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையில் மார்கழி போனது, அதுவும் இல்லை என்று ஆன பிறகு தை, மாசி... போதகர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார், சகோதரி, சந்தேகப்படாமல் கேளுங்கள், சந்தேகம் வந்தால் ஜெபம் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் அழவில்லை. அழுதால் அவன் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகும், ஒத்துக்கொண்டால் ஜெபம் நிற்கும், ஜெபம் நின்றால், அந்தக் கருங்கடலில் அவன் எதைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறானோ அதுவும் கையை விட்டுப் போகும். செத்த வீடுகளுக்குப் போவதையும் விட்டாள், அங்கே அடுத்தவர்களுக்கு அழப்போய்த் தனக்கு அழுதுவிட்டால்? விசரி, என்று அக்கா ஏசினாள். ஏசட்டும். ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம், ஒவ்வொரு ஞாயிறும் சபையில் சாட்சி நேரம், ஒருத்தி எழும்பி மகனுக்கு விசா கிடைத்தது என்பாள், இன்னொருத்தி கட்டி கரைந்தது என்பாள், ஸ்தோத்திரம் என்று இவளும் கை தட்டுவாள், தட்டத் தட்ட உள்ளங்கை எரியும். அவர்கள் கேட்ட அதே கர்த்தரிடம்தானே அவளும் கேட்டாள். அவளுடைய கேள்வியில் என்ன குறை? எங்கேயாவது, ஒரு நாள், ஒரு நிமிஷம், தேங்காய் திருவும்போதோ துணி காயப்போடும்போதோ, சந்தேகப்பட்டுவிட்டாளா?

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. தேயிலைப் பேணியைத் திறந்தாள். அவனுக்குச் சாயம் கூடவேண்டும், வாயில் ஒட்டவேண்டும் என்பான். புருஷன் செத்தவள் இருக்கிற இத்தாவை றிஸ்னா இருந்து முடித்துவிட்டாள். அவளுடைய மாப்பிள்ளையும் அதே போட்டில்தான், முதல் மாதம் இரண்டு பேரும் கடற்கரையில் ஒன்றாக நின்றார்கள், ஒரே போத்தல் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு அவளுடைய ஆட்கள் பெரிய மௌலவிமாரிடம் கேட்டு முடிவெடுத்தார்கள், அவள் வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தாள். கஜனி பார்க்கப் போனபோது, "அல்லாஹ்ட நாட்டம் கஜனி, நான் இன்னும் துஆ கேக்கிறன், கேக்கிறத மட்டும் மாத்திட்டன்" என்று சொல்லிச் சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்கு றிஸ்னாவில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நீ விட்டுவிட்டாய், மூன்று பேரில் ஒருவரை நீ விட்டுவிட்டாய், இப்போது இவவும் வந்து மற்ற நுனியை அவிழ்க்கப் பார்க்கிறா, நான் ஒருத்தி எத்தனை காலம் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறது? கை சுட்டது. கேத்தல் மூடியைத் துணியில்லாமல் தொட்டுவிட்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றபோது கல்முனைக்குடிப் பள்ளிவாசல் பக்கமிருந்து ஜும்ஆத் தொழுகைக்கு வாங்கு கேட்டது.

படத்தில் அவன் வெள்ளைச் சேட்டில் நிற்கிறான், கையில் வேதாகமம். கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த அன்று சபை வாசலில் எடுத்த படம், தலைமயிர் ஈரம். கடலில்தான் கொடுத்தார்கள். போதகர் அவனை முக்கப் பயந்தார், கடற்காரன், ஆள் பாரம். எழும்பி வந்ததும் மூக்கால் தண்ணீர் வழியச் சிரித்தான், "தண்ணிக்க என்ன முக்கினா நான் எழும்பி வந்திருவன் ஐயா, பயப்படாதீங்க" என்றான். சனமெல்லாம் சிரித்தது. இந்தப் படத்துக்கு மாலை போட்டு, விபூதி பூசி, முன்னால் சோறு படைத்து... வேதாகமத்தோடு சேர்த்தா? மாமிக்கு அதெல்லாம் தெரியாதா? தெரிந்தும்தான் வந்திருக்கிறாவா? பிளேன்டீயை ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டு, ஒரு கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள்.

மாமி கப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா, குடிக்கவில்லை. "நீ கோவிக்காத புள்ள. உன்ட சபைக்கும் நான் வந்த." "எப்ப மாமி?" என்றாள் கஜனி. "மாசியில. நீ முன்னுக்கு முழங்கால்ல இரிந்த. நான் கேற்றடியில நிண்டு உங்கட கர்த்தரிட்டயும் கேட்டன். கோயில்ல கேட்ட மாதிரியேதான் கேட்டன், வேற விதமாக் கேக்கத் தெரியா." மாமி கப்பின் விளிம்பை முந்தானையால் துடைத்தா. "அவரும் ஒண்டும் சொல்லல்ல." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, மழை பெய்யல்ல என்பது போல ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு மாமி அழுதா. கஜனிக்கு ஓடிப்போய் அந்த வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது, அழாதீங்க மாமி, அழுதால் நின்றுவிடும்... ஆனால் மாசியிலேயே இந்தக் கிழவி கேற்றடியில் நின்று கேட்டிருக்கிறா, அப்படியென்றால் நான் தனியப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, இரண்டு பேர் பிடித்தும் வரவில்லை, மூன்று பேர், றிஸ்னாவையும் சேர்த்தால். என் பிடியில்தான் அவன் மிதக்கிறான் என்று யார் எனக்குச் சொன்னது? போதகர் அப்படிச் சொல்லவில்லையே. கர்த்தர் தூங்கிவிடுவார் என்றா நான் காவல் இருந்தேன்?

அவள் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், தூசி போகவில்லை, ஈரமாகிக் கலங்கியது, அப்போதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. ஐயோ, அழுதுவிட்டேன். கெதியாக ஜெபித்துவிடவேண்டும், விட்டதைப் பிடித்துவிடவேண்டும், இவ்வளவு காலமும் மனப்பாடமாக வந்த வசனம், கர்த்தாவே அவரைக் கொண்டுவாரும்... வாய் திறந்தது. வந்தது அதுவல்ல. "அவரோட இரும்," என்றாள். மாமி நிமிர்ந்து, "என்னகா சொன்ன?" என்றா.

"ஒண்டுமில்ல மாமி, தேத்தண்ணி ஆறுது, குடிங்க." படம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது, மாமியும் கை நீட்டவில்லை. அவரோட இரும். உயிரோடு இருப்பவனுக்கும் அதைக் கேட்கலாம், மற்றவனுக்கும் கேட்கலாம். இன்றைக்குத்தான் இது வாயில் வந்ததா? நேற்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டதும் இதுவா? போன ஞாயிறு கை தட்டிக்கொண்டு கேட்டதும்? எப்போதிலிருந்து இதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கஜனிக்கு நினைவு வரவில்லை.